ஒன்றரை வயது மகனையும் ஆறு வயது மகளையும் வேளாண் கண்காட்சிக்கு அழைத்துச் செல்வது எப்படி?

கேள்வி: இரு பிள்ளைகளின் தாய்

அனைவருக்கும் வணக்கம். வேளாண் கண்காட்சி ஒன்றுக்குக் குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர எண்ணியிருக்கிறோம். ஆறு வயது மகள், ஒன்றரை வயது மகன், என் கணவர், மாமியார் ஆகியோருடன் என் தங்கையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கால்நடைப் போட்டிகள், குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர்கள், கண்ணாடித் தேன்கூடுகள், புதிய இயந்திரங்களின் செயல்விளக்கம், பிள்ளைகள் ஆடுகளையும் கன்றுகளையும் தொட்டுப் பார்ப்பதற்கென்று தனியே ஓர் அடைப்பு எனப் பலவும் இருப்பதாக அறிவிப்பில் கண்டேன். கூடவே இராட்டினங்களும் உண்டு.

மகள் எதைக் கண்டாலும் 'ஏன்' என்று கேட்பவள். அவளுடைய நாள் இராட்டினத்தோடு முடிந்துவிடக் கூடாது என்பது என் விருப்பம். மகனோ கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் பருவத்தில் இருக்கிறான். அவனை விலங்குகள் இருக்கும் அடைப்புக்குள் கொண்டு செல்லலாமா என்பதில் எங்கள் வீட்டில் ஒத்த கருத்து இல்லை. மண்ணிலும் மாட்டுத் தொழுவத்திலும் புரண்டு வளர்ந்த தன் தலைமுறைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்கிறார் மாமியார். கணவர், தொற்றுக்கு அஞ்சி அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றுவிடலாம் என்கிறார். இருவருமே ஓரளவுக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றுவதால் என்னால் முடிவெடுக்க இயலவில்லை. சானிடைசர் கையில் இருந்தால் போதுமா? எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுவிடுவது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கால்நடை மருத்துவர்

வணக்கம், சகோதரி. உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிறந்தது முதல் கால்நடைகளோடு வாழும் பிள்ளைகளின் உடல் அங்குள்ள கிருமிகள் பலவற்றுக்குச் சிறுகச் சிறுகப் பழகிக்கொள்கிறது. எப்போதோ ஒரு முறை கண்காட்சிக்கு வரும் குழந்தைக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்பதுதான் வேறுபாடு. அத்துடன், கண்காட்சியில் பல பண்ணைகளின் விலங்குகள் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. ஒரே ஆட்டின் முதுகை ஒரு நாளில் எண்ணற்ற கைகள் தடவுகின்றன. ஆகவே வீட்டுத் தொழுவத்தையும் கண்காட்சி அடைப்பையும் ஒன்றாகக் கருத வேண்டாம்.

நாங்கள் அஞ்சுவது முதன்மையாக ஈ.கோலை ஓ157 என்னும் பாக்டீரியாவை. மாடு, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றின் குடலில் இது இருந்தாலும் அந்த விலங்குக்கு எந்த நோயும் தெரியாது. பளபளவென்று தேய்த்துக் குளிப்பாட்டிப் பரிசு வாங்கி நிற்கும் கன்றின் சாணத்திலும் அது இருக்கலாம். நூற்றுக்கும் குறைவான கிருமிகள் வயிற்றுக்குள் சென்றாலே நோய் உண்டாகக்கூடும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத அளவு சாணம் விரலில் ஒட்டியிருப்பதே போதுமானது. பெரியவர்களில் பலர் சில நாள் வயிற்றுப்போக்கோடு மீண்டுவிடுகிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அது இரத்த அணுக்களைச் சிதைத்து, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நிலைக்கு இட்டுச் செல்கிறது. அரிதுதான், ஆனால் நேர்ந்துவிட்டால் கொடியது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கண்காட்சியில் 2004ஆம் ஆண்டு இத்தகைய தொற்று, விலங்குகளைத் தொட்டு விளையாடும் அடைப்பிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குப் பரவியது. அதைப் பின்னர் ஆராய்ந்தபோது வெளிப்பட்டவை உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பயன்படும். நோயுற்ற பிள்ளைகளில் சாணத்தைத் தொட்டவர்களும் மிதித்தவர்களும், தரையில் விழுந்தவர்களும் உட்கார்ந்தவர்களும், அடைப்புக்குள் கட்டை விரலையோ ரப்பர் நிப்பிளையோ சூப்பியவர்களும், மூடியிட்ட குவளையில் உறிஞ்சிக் குடித்தவர்களும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தார்கள். அங்கே சானிடைசர் பயன்படுத்தியது பாதுகாப்புத் தந்ததாகத் தெரியவில்லை. விலங்குகளிடமிருந்து நோய் தொற்றக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்த பெரியவர்களுடன் வந்த பிள்ளைகளோ மிகக் குறைவாகவே நோயுற்றார்கள். நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதே பாதிப் பாதுகாப்பு என்று நான் சொல்வது முகமனுக்காக அன்று.

எனவே மகனைக் கொண்டு செல்லலாம். ஆனால் இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று காட்டுங்கள். கன்றின் மூச்சுச் சத்தமும், ஆடு தலையை ஆட்டுவதும், சேவல் கூவுவதும் அந்த வயதுக்குத் தாராளமாகப் போதும். அடைப்புக்குள் நடக்கவிடுவதையும் தவழவிடுவதையும் மட்டும் இந்த ஆண்டு தள்ளிப்போடுங்கள். பால்புட்டி, நிப்பிள், பொம்மை, தின்பண்டம் எதுவும் விலங்குக் கூடாரத்துக்குள் வரக் கூடாது. தள்ளுவண்டியை உள்ளே உருட்டிச் சென்றால் அதன் சக்கரங்களில் ஒட்டுவது பிறகு உங்கள் வீட்டுத் தரைக்கும் வந்து சேரும் என்பதால், அதை வெளியே ஒருவர் பார்த்துக்கொள்வது நல்லது.

மகள் தாராளமாகத் தொடலாம். மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் அமைந்திருப்பதால் அது தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய 330 பாகை வரை பார்க்கும். நேர் பின்னாலும் மூக்கின் நுனிக்கு முன்னாலும் மட்டுமே அதற்குத் தெரியாது. பின்புறமாக வந்து தொட்டால் உதைக்கும். நேர் முன்னாலிருந்து திடீரென்று கையை நீட்டினால் தலையைச் சிலிர்த்துக்கொள்ளும். உரிமையாளரிடம் முதலில் அனுமதி கேட்டு, மெல்லப் பேசிக்கொண்டே பக்கவாட்டில் அணுகி, தோள்பட்டையிலோ கழுத்திலோ தடவுவதுதான் முறை. தீவனம் ஊட்ட அனுமதித்தால் கையை விரித்து, விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கோழிக்குஞ்சுகளையும் வாத்துக்குஞ்சுகளையும் முகத்தருகே கொண்டுபோய் முத்தமிடுவதை மட்டும் தடுத்துவிடுங்கள். அவற்றிடமிருந்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா தொற்றுகிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் குஞ்சுகளைக் கையில் எடுக்காமல் இருப்பதே நலம். கன்றுகளின் முகத்தில் சாம்பல் படிந்தாற்போல் வட்டமாக முடி உதிர்ந்த இடங்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. மனிதருக்கும் ஒட்டும் என்பதால் அந்தக் கன்றைக் கடந்து போய்விடுங்கள்.

கை கழுவுவதைப் பொறுத்தவரை சோப்பும் ஓடும் நீரும்தான் தீர்வு. குறைந்தது இருபது விநாடி, விரலிடுக்குகளையும் நகங்களின் அடியையும் தேய்த்துக் கழுவி, தூய துணியில் துடைக்க வேண்டும். மண்ணும் சாணமும் படிந்த கையில் சானிடைசர் சரிவர வேலை செய்யாது; கன்றுகளிடமிருந்து பரவும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியை அது கொல்லவே கொல்லாது. குழாய் இல்லாத இடமாயின், ஒரு கேனில் நீரும் ஒரு சோப்பும் நீங்களே கொண்டு செல்லுங்கள். விலங்கைத் தொடாதவர்களும் கழுவ வேண்டும், ஏனெனில் தடுப்புக் கம்பியையும் கதவையும் எல்லாரும் தொட்டிருப்பார்கள். காலணியைக் கழற்றிய பிறகு மீண்டும் ஒரு முறை கழுவுவதும் தேவை.

பதில்: பேரப்பிள்ளைகளின் தாத்தா

மகளே, மருத்துவர் சொன்னவற்றை நான் மறுக்கவில்லை. என் கருத்து இதைவிடச் சற்றுக் கடுமையானது. ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கண்காட்சியால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. கூட்டமும் வெயிலும் இரைச்சலுமே அவனுக்கு மிஞ்சும். பாட்டியும் அவனும் வீட்டில் இருந்துவிட்டால் மகளுக்குப் பெற்றோர் இருவரின் முழுக் கவனமும் கிடைக்கும். இளையவனின் உறக்கத்துக்கும் பசிக்கும் ஏற்றவாறே நாள் முழுவதும் நகர்ந்தால், மூத்தவள் எதையும் நின்று பார்க்க முடியாது.

அப்படியும் அழைத்துச் செல்வதானால், குடும்பத்தை இரண்டு அணியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் இத்தகைய நாள்கள் சண்டையில் முடிகின்றன. ஒருவர் மகளோடு நகரட்டும், மற்றவர் நிழலான ஓரிடத்தில் மகனோடு இருக்கட்டும், பிறகு மாறிக்கொள்ளுங்கள். வெயிலுக்காகத் தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்திவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. காற்றோட்டம் தடைபட்டு உள்ளே வெப்பம் கூடிவிடும் என்பதால் அதைச் செய்யாதீர்கள்.

கூட்டத்தில் பிள்ளை காணாமற்போவதற்கும் முன்னேற்பாடு தேவை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே இருவரையும் அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் உடையின் நிறம் கூட நினைவுக்கு வராது. உங்கள் அலைபேசி எண்ணை மகளின் முன்கையில் மையால் எழுதுங்கள். பெயரைச் சட்டையின் வெளிப்புறத்தில் எழுத வேண்டாம், ஏனெனில் பெயர் சொல்லி அழைக்கும் அந்நியரைக் குழந்தை எளிதில் நம்பிவிடும். வழி தவறினால் அங்குமிங்கும் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கவும், அடையாள அட்டை அணிந்த பணியாளரையோ பிள்ளைகளோடு நிற்கும் ஒரு தாயையோ அணுகவும் சொல்லிக்கொடுங்கள். இதை வாயால் சொன்னால் போதாது. நுழைந்தவுடன் அத்தகைய பணியாளர் ஒருவரை அவளே கண்டுபிடித்துச் சுட்டிக்காட்டும்படி செய்யுங்கள்.

பதில்: கால்நடை வளர்ப்பவர்

வணக்கம். கண்காட்சிகளுக்கு மாடுகளைக் கொண்டு செல்பவன் என்ற முறையில், தடுப்பின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெரியவர் சொல்வதுபோல் சிறியவனை விட்டுவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பேச்சு வராத பிள்ளைகள்தான் எங்கள் மாடுகளை நெடுநேரம் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். பெரியவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திறந்தவுடன் கால்நடைக் கூடாரத்துக்கே வந்துவிடுங்கள். கூட்டம் சேருமுன் விலங்குகள் அமைதியாக இருக்கும், வெப்பமும் குறைவு, எங்களுக்கும் பேச நேரம் இருக்கும். போட்டி தொடங்கிவிட்டால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்போம். அப்போது பிள்ளைகளின் கேள்விகளுக்கு நிதானமாக விடை சொல்ல முடியாது. குடையை விலங்கின் அருகில் திடீரென்று விரிப்பதையும், பலூனைக் கையில் கட்டிக்கொண்டு உள்ளே வருவதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். மிரண்ட மாட்டை ஒருவரால் பிடித்து நிறுத்த முடியாது.

உங்கள் மகளைப் போல் 'ஏன்' என்று கேட்கும் பிள்ளைக்கு, பத்து மாடுகளை விரைந்து பார்ப்பதைவிட ஒரே மாட்டின் முன் கால் மணி நேரம் நிற்பதே பயனுள்ளது. படுத்திருக்கும் மாட்டின் கழுத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். அசைபோட்ட உருண்டையை அது விழுங்கும்போது கழுத்தின் வழியே ஒரு மேடு கீழே இறங்கும். சில நொடிகளில் அடுத்த உருண்டை அதே வழியில் மேலே ஏறி வரும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு, மாட்டின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது என்பதை யாரும் மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. மேல்தாடையின் முன்புறத்தில் மாட்டுக்குப் பற்களே கிடையாது. அங்கே கெட்டியான ஒரு திண்டுதான் இருக்கிறது. அதனால்தான் அது புல்லைக் கடிக்காமல் நாக்கால் சுழற்றி இழுத்து அறுக்கிறது என்று காட்டினால், அடுத்த கொட்டிலில் ஆட்டுக்கும் அப்படித்தானா என்று அவளே பார்க்க ஓடுவாள். ஆட்டுக்கும் மேல்தாடையின் முன்புறத்தில் பற்கள் கிடையாது. ஆட்டின் கண்மணி கிடைமட்டமாக நீண்டிருப்பதையும் கவனிக்கட்டும்.

இன்குபேட்டரில் ஒரு முட்டையில் விரிசல் தெரிந்தால் அங்கேயே காத்திருக்கலாம் என்று ஆசை எழும். முதல் விரிசலுக்கும் குஞ்சு வெளிவருவதற்கும் இடையே பல மணி நேரம் ஆகக்கூடும் என்பதால், பார்த்துவிட்டுப் போய் மீண்டும் வந்து பாருங்கள். அந்த இடைவெளியே பிள்ளைக்கு ஆவலைக் கூட்டும். கோழிமுட்டை பொரிய 21 நாளும் பெரும்பாலான வாத்து இனங்களின் முட்டை பொரிய 28 நாளும் ஆகின்றன. குஞ்சின் அலகு நுனியில் ஓட்டை உடைப்பதற்கென்றே ஒரு சிறு கூர்முனை இருக்கும். பிறந்த சில நாள்களில் அது உதிர்ந்துவிடும். ஈரத்தோடு தள்ளாடிக் கிடக்கும் குஞ்சைக் கண்டு, அதற்கு யாரும் உணவு தரவில்லையே என்று பிள்ளைகள் வருந்துவதுண்டு. பொரிவதற்குச் சற்று முன்பு மஞ்சள் கருவின் எஞ்சிய பகுதியைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது என்றும், இரண்டொரு நாள் வரை அதுவே அதற்கு உணவு என்றும் சொல்லுங்கள்.

கண்ணாடித் தேன்கூட்டில் இராணித்தேனீயைத் தேடுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். தேனீ வளர்ப்பவர்கள் பலர் இராணியின் முதுகில் ஒரு வண்ணப் புள்ளி வைக்கிறார்கள். இராணி பிறந்த ஆண்டின் கடைசி எண் 1 அல்லது 6 என்றால் வெள்ளை, 2 அல்லது 7 என்றால் மஞ்சள், 3 அல்லது 8 என்றால் சிவப்பு, 4 அல்லது 9 என்றால் பச்சை, 5 அல்லது 0 என்றால் நீலம் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வழக்கம். புள்ளியின் நிறத்தைக் கொண்டு இராணியின் வயதை உங்கள் மகளே கணக்கிடலாம். இராட்டினத்தில் ஏறுவதைவிட இதில் அவள் நெடுநேரம் ஆழ்ந்துவிட்டால் எனக்கு வியப்பு இராது.

இயந்திரங்களைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. நிறுத்தி வைத்த டிராக்டரில் உரிமையாளரின் அனுமதியோடு ஏறி உட்காருவதில் தவறில்லை. இயங்கும் இயந்திரத்தின் அருகே பிள்ளையின் கையை விடவே கூடாது. டிராக்டரின் பின்னால் கருவிகளை இயக்கும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழல்கிறது, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று. தொங்கும் துப்பட்டாவோ பாவாடையின் நுனியோ அதில் சிக்கினால் கையை நீட்டித் தடுக்கும் நேரம் கூடக் கிடைக்காது. ஓட்டுநரின் கண்ணுக்குச் சக்கரத்தை ஒட்டி நிற்கும் சிறுபிள்ளை தெரியவே தெரியாது. தானியக் குவியலும் மணல்மேடு அன்று. அடியில் தானியம் வடிந்துகொண்டிருக்கும் குவியலில் ஏறிய பிள்ளை சில நொடிகளில் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். ஓரமாக நின்று ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். இரைச்சலைப் பொறுத்தவரை, கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் சிறியவனின் காதுக்கு ஏற்றதன்று. காதை முழுவதும் மூடும் காப்பு இருந்தால் அணிவிக்கலாம். காதுக்குள் செருகும் அடைப்பானை அவன் பிடுங்கி விழுங்கிவிடக்கூடும்.

மறுமொழி: இரு பிள்ளைகளின் தாய்

மூவருக்கும் என் நன்றி. மாமியாரிடம் மருத்துவரின் விளக்கத்தைப் படித்துக் காட்டினேன். தொழுவத்தில் வளர்ந்தவர்களுக்கும் கூட்டத்தோடு கூட்டமாக வருபவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் ஏற்றுக்கொண்டார். மகனை வீட்டில் விட்டுவரும் யோசனையை மட்டும் அவர் ஏற்கவில்லை. பெரியவர் பொறுத்தருள வேண்டும். அவனையும் அழைத்துச் செல்கிறோம், ஆனால் அவர் சொன்னபடி இரண்டு அணியாகப் பிரிந்துகொள்வோம். விலங்குகளைக் காலையில் பார்த்து, கைகழுவி, உண்டு, மகன் உறங்கும்போது மகளைத் தேன்கூட்டுக்கும் இன்குபேட்டருக்கும் அழைத்துச் செல்லலாம் என்று எண்ணுகிறேன். இயந்திரச் செயல்விளக்கத்துக்குக் கணவர் மட்டும் போய்வரட்டும்.

மருத்துவரிடம் மேலும் இரண்டு கேட்க விரும்புகிறேன். என் தங்கை நான்கு மாதக் கருவுற்றிருக்கிறாள். அவள் விலங்குக் கூடாரத்துக்குள் வரலாமா? திரும்பி வந்தபின் பிள்ளைகளிடம் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கால்நடை மருத்துவர்

இதைக் கேட்டது நல்லதாயிற்று, சகோதரி. உங்கள் தங்கை கண்காட்சிக்கு வரலாம். ஆயினும் ஈனும் நிலையிலுள்ள ஆடுகளும், அண்மையில் ஈன்ற ஆடுகளும், புதிதாய்ப் பிறந்த குட்டிகளும் இருக்கும் பகுதிக்குள் அவர் செல்லவே கூடாது. ஈற்றின்போது வெளிப்படும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் கருச்சிதைவை உண்டாக்கக்கூடிய சில கிருமிகள் இருக்கலாம். டாக்சோபிளாஸ்மா, லிஸ்டீரியா, செம்மறியாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் கிளமிடியா, கியூ காய்ச்சலின் கிருமி ஆகியவை அவற்றுள் அடங்கும். அவற்றுள் சில காற்றில் கலந்த தூசு வழியாகவும் பரவுவதால், தொடாமல் நின்றால் போதும் என்று கருத வேண்டாம். அந்தப் பகுதியில் நடந்தவர்களின் காலணியையும் உடையையும் அவர் துவைக்கவோ துடைக்கவோ கூடாது. மலர்கள், விதைகள், தேன்கூடு ஆகியவற்றை அவர் தயக்கமின்றிப் பார்க்கலாம். மகனைக் கூடாரத்துக்கு வெளியே பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவரிடம் கொடுக்கலாம்.

ஈ.கோலை தொற்றினால் பெரும்பாலும் மூன்று நான்கு நாள்களில் அறிகுறி தெரியும். ஒரு நாளிலும் தெரியலாம், பத்து நாளும் ஆகலாம். வயிற்றுப்போக்கில் இரத்தம் தென்பட்டாலோ, கடும் வயிற்றுவலி இருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையும் எஞ்சிய ஆன்டிபயாட்டிக் மருந்தையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்தத் தொற்றில் அவை சிக்கலை அதிகப்படுத்தக்கூடும். வயிற்றுப்போக்கு தொடங்கி ஒரு வாரம் அளவில், அது நின்றுவிட்டதுபோல் தோன்றும் வேளையில்கூட, பிள்ளை வெளிறிப்போய்ச் சோர்ந்திருந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ அது சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். கால்நடைகள் இருந்த இடத்துக்கு எந்தத் தேதியில் போய்வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எந்தப் பரிசோதனையைச் செய்வது என்பதை அவர் அதைக் கொண்டுதான் முடிவு செய்வார்.